பஸ்ஸுக்குள்ளே மழை!

"மாமா, நம்ம வீட்டுக்கு வாங்க" என்று அக்கா மகன் நியூஸிலாந்திலிருந்து கூப்பிட்டபோது, அந்த வீட்டுக்கு ஸ்டியரிங் உண்டு என்பதைச் சொல்லவில்லை.

குவீன்ஸ்டவுன். கண்ணாடி மாதிரி வாகாடிப்பு ஏரி. பக்கத்திலேயே ரிமார்க்கபிள்ஸ் மலை, தலையில் பனியோடு. காலண்டரில் ஜூலை, அங்கே அது நடுக் குளிர்காலம்! உலகமே பனிச்சறுக்கு விளையாட வந்து குவிகிற ஊர். வாடகையைக் கேட்டால் நமக்கே சறுக்கும். ஓட்டல் கிச்சனில் வேலை பார்க்கிற பையன் என்ன செய்வான்? பழைய பெட்ஃபோர்ட் பஸ் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி எறிந்து, கட்டில், காஸ் அடுப்பு, புகைக்குழாய் வைத்த விறகு கணப்பு எல்லாம் பொருத்திவிட்டான். 'ஹவுஸ் பஸ்' அந்த நாட்டில் சகஜமாம்.

படுக்கைக்கு மேலே கூரையில் ஒரு திறப்பு. அடுப்புப் பக்கம் ஒரு ஜன்னல். இரண்டும் இரண்டு விரல் அளவு திறந்தே இருந்தன.

"இதை மட்டும் மூடிடாதீங்க மாமா."

நானோ கும்பகோணத்து மார்கழிக்கே மஃப்ளர் கட்டுகிற பரம்பரை! நடு ராத்திரி கணப்பு அணைந்ததும், பூனை மாதிரி எழுந்து இரண்டையும் மூடிவிட்டேன்.

விடியற்காலை நெற்றியில் 'டொக்'. மறுபடி 'டொக்'. நிமிர்ந்து பார்த்தால் கூரைக் கம்பி நெடுகிலும் நீர் முத்து கோத்திருக்கிறது. ஜன்னலில் ஆறு ஓடுகிறது. திரைச்சீலை சொதசொத. சிரிக்கலாம் என்று வாயெடுத்தபோது, உள் படுக்கையிலிருந்து இருமல். நாலு வயசுக் குழந்தை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அவன் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடினான். அவன் மனைவி திறப்பைத் திறந்துவிட்டாள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது.

காப்பியோடு பாடம் ஆரம்பமாயிற்று. தூங்குகிற ஒரு ஆள் மூச்சிலும் தோலிலும் ராத்திரிக்குச் சுமார் கால் லிட்டர் தண்ணீரைக் காற்றில் விடுகிறார். நாங்கள் நாலு பேர். ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி! ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் 17 கிராம் ஈரம் சுமக்கும். 5 டிகிரியில் 7 கிராம்கூடச் சுமக்காது. மிச்சத்தைக் குளிர்ந்த தகரத்தின் தலையில் இறக்கிவிடும். ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்க்கிறதே, அதே கதைதான். நாம் டம்ளருக்குள்ளே இருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

"முதல் வருஷம் எங்களுக்கும் தெரியாது மாமா. மெத்தையைத் தூக்கினா அடியிலே கன்னங்கரேல்னு பூஞ்சணம். இவளுக்கு இழுப்பு வந்தது அப்போதான்."

மெத்தையைத் தூக்கிப் போட்டானாம். பலகைக்குப் பதில் இடைவெளி விட்டு மரச் சட்டங்கள் அடித்தான், அடியில் காற்று ஓட. தகரத்தை ஒட்டி, இடைவெளியே இல்லாமல் ஃபோம் தட்டிகள் ஒட்டினான். இரும்புச் சட்டங்களையும் விடவில்லை. குளிர் அது வழியாகத்தான் உள்ளே வருமாம். "வினிகர் போட்டுத் துடைச்சா பூஞ்சணம் போகும். ஈரம் போகலேன்னா மறுபடி வந்துடும்" என்றான். கணப்பும் காஸும் எரிகிற இடத்தில் காற்றை அடைத்தால் கார்பன் மோனாக்ஸைடு ஆளையே கொண்டுபோய்விடும் என்று, சுவரிலிருந்த அலாரத்தையும் காட்டினான். எனக்கு அப்போதுதான் நிஜமாகக் குளிரெடுத்தது.

சமையலில் மூடியில்லாமல் ரசம்கூடக் கொதிக்காது. துணி உள்ளே காயாது. "வாயைக் கட்டலாம், வயித்தைக் கட்டலாம். மூச்சைக் கட்ட முடியுமா மாமா? அது வெளியே போக வழி விடணும்" என்றாள் மருமகள்.

"தாத்தா, ஜன்னலை யார் மூடினா?" என்றது குழந்தை.

"நான்தாண்டா கண்ணு."

அன்றிலிருந்து தினம் காலையில் ஜன்னல் துடைக்கும் டியூட்டி எனக்கு. டவலைப் பிழிய, அவள் வாளியில் சொட்டு எண்ணுவாள். திறப்பைத் திறந்து வைத்து, குரங்குக் குல்லாய், மஃப்ளர், இரண்டு ஸ்வெட்டரோடு தூங்கினேன். நாலாம் நாள் குழந்தை விடியும்வரை இருமவில்லை. விமானம் ஏற அந்த ஒரு ராத்திரி போதும் எனக்கு.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் படுக்கையறை ஜன்னலை அகலத் திறந்தேன்.

"கொசு வரும், மூடுங்க!" என்றாள் மனைவி.

எந்த ஊரிலும் என்னை நிம்மதியாக ஜன்னல் ஓரம் தூங்க விடமாட்டார்கள் போலிருக்கிறது!