தோள்பக்கமாக வா

என் தங்கை இறைவனடி சேர்ந்தபின், பதினோரு வயதான அவள் மகன் என் பொறுப்பில் வளர்கிறான். ஓராண்டாக எவரோடும் பேசவில்லை. செபமாலையிலும் அவன் உதடுகள் அசைந்ததில்லை. தேற்றுவதாக எண்ணி நான் எதிரே அமர்ந்து கேட்ட கேள்விகள் அவனை மேலும் ஒடுங்கச் செய்தன.

ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு மறுவாரம், செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் அழைத்துச் சென்றேன். கடற்கரையில் சவாரிக் குதிரைகள் நின்றன. இவன் ஏற மறுத்து, கைநிறையப் புல்லோடு ஒன்றின் நேரெதிரே ஓடினான். அது காதுகளைப் பின்னுக்கு மடித்தது.

“நேரே வராதே, தம்பி. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் அதுக்குக் கண் தெரியாது. தோள்பக்கமா, குரல் குடுத்துக்கிட்டே வா” என்றார் குதிரைக்காரர்.

பேசாத பிள்ளையிடம் குரல் கேட்கிறாரே என்று நான் வாய் திறக்குமுன், “வரேன்... வரேன்” என்றான்.

பின்னர் சனிக்கிழமைதோறும் சென்றோம். விரல்களை மடக்காமல் உள்ளங்கையை விரித்து ஊட்டவும், தோளிலிருந்து கால்வரை தடவிக் குளம்பைத் தூக்கி, ஒட்டிய மணலைக் கம்பியால் சுரண்டவும் கற்றான். குதிரை கால் தர மறுத்தால் காத்திருந்தான். போலியோவால் கால்கள் தளர்ந்த டென்மார்க்கு நாட்டு லிஸ் ஹார்டெல், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றது, சவாரியை மருத்துவமாகக் கருதத் தூண்டியது. இவனோ இன்றுவரை ஏறவேயில்லை.

இப்போது அவன் அறைக்குள் நுழையுமுன் நானும் குரல் கொடுக்கிறேன். எதிரே அன்று, பக்கத்தில் அமர்கிறேன். நேற்றிரவு கேட்டான்: “மாமா, அம்மா புடவையெல்லாம் எங்கே இருக்கு?”