திண்ணையும் தாழ்ப்பாளும்

இரவில் படுக்கப் போகுமுன் வாசல் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பது எங்கள் பரம்பரை வியாதி. என் தகப்பனார் நான்கு தரம் இழுப்பார். அப்பேர்ப்பட்ட குடும்பத்தில் பிறந்த நான், ஆறு வருஷ காலம் வீட்டின் ஒரு வாசலைத் திறந்து போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். சென்ற வருஷம் ஆடி மாதத்தில்தான் அது தெரிய வந்தது.

அந்த வாசல், கூடத்து அலமாரியின் மேல் இரண்டு கொம்புகளுடன் உட்கார்ந்திருக்கும் வை-ஃபை பெட்டி. மாட்டிவிட்டுப் போன ஆள், பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டி, "இதான் ஸார் பாஸ்வேர்ட்" என்றான். நானும் மகா பத்திரமாக அதைக் காலண்டரின் பின்புறத்தில் எழுதி வைத்தேன். (பால் கணக்கும் அங்கேதான் இருக்கும்.) மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் அம்மாளின் பிள்ளை கல்லூரியில் படிக்கிறவன். "கொஞ்சம் பாடம் பார்க்கணும், மாமா" என்று அவன் கேட்டபோது காலண்டரைத் திருப்பிக் காட்டியதும் நான்தான்.

ஆடியில் மாயவரத்திலிருந்து என் அத்திம்பேர் ஒரு வாரம் தங்க வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கணக்கில் புலி. வந்த மூன்றாம் நாள் மாலை, அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து 62,000 ரூபாய் காணாமற் போயிருந்தது.

"ஏண்டாப்பா, உன் வீட்டு வை-ஃபையிலே சேர்ந்த பிறகுதானே போயிருக்கு? வேறே யார் இதை உபயோகிக்கிறா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் என் கண் மாடிப்படியின் பக்கம் போய்விட்டது. அத்திம்பேருக்கு அது போதுமாயிருந்தது. "கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைதானே?" என்றார்.

அன்றிரவே யார் யாருக்கோ போன் செய்து, வழி கேட்டு, பாஸ்வேர்டை மாற்றினேன். மறுநாள் காலையில் பையன் மாடிப்படியில் உட்கார்ந்து போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஏதோ கேட்க வாயெடுத்தான். நான் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். என் நாவல்களில் எத்தனையோ அப்பாவிகள் மீது பழி சுமத்திக் கடைசி அத்தியாயத்தில் விடுவித்திருக்கிறேன். அவர்கள் ஒருவரும் என் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்ததில்லை.

பையனை வேவு பார்ப்பதிலேயே இரண்டு நாள் கழிந்தது. அப்புறம்தான் வங்கிக்குப் போனோம். அங்கே இருந்த இளம் பெண் அதிகாரி எங்கள் வை-ஃபை சித்தாந்தத்தைப் பொறுமையாகக் கேட்டாள். வங்கிக்கும் போனுக்கும் இடையே போகிற செய்தியெல்லாம் முத்திரையிட்ட உறைக்குள் போவது போலத்தான் போகிறது. ஒரே வை-ஃபையில் இருக்கிற காரணத்தால் மட்டும் இன்னொருவர் அதைப் பிரித்துப் படித்துவிட முடியாது என்று விளக்கினாள். பிறகு அத்திம்பேரைப் பார்த்து, "பணம் போன நேரத்தில் ஓ.டி.பி. சரியாகப் போடப்பட்டிருக்கிறது, ஸார். அது உங்கள் போனுக்கு வந்தது" என்றாள்.

அத்திம்பேர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னார். வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் கூப்பிட்டானாம். கே.ஒய்.சி. பாக்கி இருக்கிறது, இன்றைக்குள் முடிக்காவிட்டால் கணக்கு முடங்கிவிடும் என்றானாம். இவர் கார்டு நம்பரைச் சொல்லி, போனில் வந்த எண்ணையும் படித்துக் காட்டியிருக்கிறார். அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று எழுதியிருந்தது. 'கேள்வியை முழுக்கப் படிடா' என்று முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளிடம் கத்தியவர் அவர். "உன் அக்காவிடம் நான் எப்படிச் சொல்வேன்?" என்றபோது குரல் கம்மிவிட்டது.

பணம் போனது தெரிந்த மாத்திரத்தில் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்திருக்க வேண்டும். திருடன் கணக்குக்குக் கணக்கு பணத்தைத் தள்ளுவதற்குள் நடுவழியில் நிறுத்திவைக்க அதில் வழி உண்டு. முதல் சில மணி நேரம்தான் உயிர். நாங்களோ அந்த நேரத்தில் மாடியை நோக்கிக் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத திருட்டை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், அவருக்கு நஷ்டம் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி செய்தது. ஆனால் ரகசிய எண்ணை வாயால் சொன்னவருக்கு, வங்கியில் தெரிவிக்கும் வரையில் போனதெல்லாம் அவர் தலையில்தான். பணம் போனது போனதுதான்.

அன்று மாலை மாடி ஏறினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாய் என்னவோ, "அந்தப் பெட்டியைக் கொஞ்சம் பார்த்துத் தருகிறாயா, தம்பி?" என்றது.

வந்தான். ஐந்து நிமிஷத்தில் என் காவல் திறமை சந்தி சிரித்தது. நான் மாற்றியது வை-ஃபையில் சேருவதற்கான பாஸ்வேர்டை மட்டும்தான். பெட்டியையே ஆட்டிவைக்கிற இன்னொரு பாஸ்வேர்ட் உண்டாம். அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தது: பெயர் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'! அதற்குள் புகுந்தவன், வங்கியின் பெயரைச் சொன்னால் வேறொரு வாசலுக்கு வழிகாட்டும்படி பெட்டிக்குப் புத்தி புகட்டிவிடலாமாம். போன் அப்போது 'இந்தப் பக்கத்தை நம்ப முடியவில்லை' என்று எச்சரிக்கும். நாம்தான் அவசரத்தில் அதைத் தள்ளிவிட்டு மேலே போவோம்.

போதாக்குறைக்கு, பாஸ்வேர்ட் இல்லாமலே சேருவதற்கு டபிள்யூ.பி.எஸ். என்று ஒரு குறுக்கு வழி. அதற்கு எட்டு இலக்க எண். பத்துக் கோடி தடவை முயல வேண்டுமே என்று நாம் நினைப்போம். ஆனால் பெட்டி அதை இரண்டு பாதியாக உடைத்துச் சரிபார்க்கிறது. கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு எடுப்பது. ஆகவே பதினோராயிரம் முயற்சி போதும் என்று 2011-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பையன் அதை அணைத்தான். அட்மினை மாற்றினான். புதுப் பாஸ்வேர்டை என்னையே அடிக்கச் சொல்லிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அந்தத் திருப்பலை என்னால் தாங்க முடியவில்லை. "உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டேனப்பா" என்றேன்.

"தெரியும், மாமா. அம்மாவுக்கும் தெரியும்" என்றான் சுவரைப் பார்த்தபடியே.

சற்றுப் பொறுத்து அவனே, வந்து போகிறவர்களுக்கென்று தனியாக ஒரு வை-ஃபை வைக்கலாம் என்றான். அதில் சேருகிறவர்கள் இணையத்துக்குப் போகலாம். வீட்டுக் கருவிகளின் பக்கம் வர முடியாது. எங்கள் கிராமத்து வீட்டு ஞாபகம் வந்தது எனக்கு. வாசல் திண்ணையில் ஊர் பேர் தெரியாத வழிப்போக்கன் படுத்திருப்பான். சொம்பில் தண்ணீர் வைத்துவிட்டு, உள்ளே பாட்டி தாழ்ப்பாள் போடுவாள். இரண்டையும் ஒரே மனசோடுதான் செய்தாள்.

"என்ன பேர் வைக்கட்டும், மாமா?"

"திண்ணை என்று வை."

தீபாவளிக்கு அத்திம்பேரும் அக்காவும் வந்தார்கள். வை-ஃபை கேட்டார். துண்டுக் காகிதத்தில் எழிதிக் கொடுத்தேன்.

"இது என்னடா, திண்ணை?"

"மாடிப் பையனுக்கும் அதுதான், அத்திம்பேர்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பையைக் கிளறி, "அந்தப் பிள்ளை ஊரிலே இருக்கானோ? உங்க அக்கா திரட்டுப்பால் கிளறிக்கொண்டு வந்திருக்காள்" என்று சொல்லிவிட்டு, டப்பாவோடு தாமே மாடி ஏறினார்.