ஃபஹாஹீலில் இருந்து ஊருக்கு

குவைத் விமான நிலையத்தில் இருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 3,800 கிலோமீட்டர். நேரடி விமானம் என்றால் 5 மணி நேரம். குவைத்தின் ஃபஹாஹீலில் இருந்து ஊருக்குப் புறப்படுகிறவரின் பயணம் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

முதல் கட்டம் செல்போனில். 2025 ஜூலை 1 முதல், தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர் குவைத்தை விட்டுப் போக முதலாளி ஒப்புதல் தரும் எக்சிட் பர்மிட் வேண்டும். செயலியில் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். பர்மிட் கையில் வராமல் டிக்கெட் போட யாருக்கும் துணிவு வராது.

பிறகு பெட்டி கட்டுவது. அட்டைப்பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டி, கயிறு இறுக்கி, நாலு பக்கமும் மார்க்கரால் பெயரும் ஊரும் எழுதுவார்கள். கொக்கித் தராசில் தூக்கிப் பார்த்து எடை கூடினால் மறுபடி பிரிப்பார்கள். பால்பவுடர் டின் வெளியே வரும். பிள்ளைக்கு வாங்கிய பொம்மை வராது.

ஃபஹாஹீல் ஒரு காலத்தில் மீனவர் ஊர். பக்கத்துக் கரையில் இருந்து 1946இல் குவைத்தின் முதல் எண்ணெய்க் கப்பல் புறப்பட்டது. இன்று மினா அல் அஹ்மதி சுத்திகரிப்பு ஆலையை முதுகுக்குப் பின்னால் விட்டு, 30ஆம் எண் நெடுஞ்சாலையில் விமான நிலையம் போகும் டாக்சி வடக்கே ஓடும். முதலில் வருவது மங்காஃப். 2024 ஜூன் 12 விடியற்காலை அங்கே தொழிலாளர் குடியிருப்பில் பிடித்த தீயில் 40க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள்; அவர்களில் 7 பேர் தமிழர்கள். விமானப்படை விமானம் அந்த 7 உடல்களையும் கொச்சியில் இறக்க, அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஊர் போய்ச் சேர்ந்தன. அந்தப் பக்கம் கடக்கும்போது டாக்சிக்குள் பேச்சு நின்றுபோகும்.

டாக்சி போய்ச் சேரும் விமான நிலையமே 1990இல் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது மூடிக்கிடந்தது. பஸ் பிடித்து பாக்தாத் வழியாக ஜோர்டானின் அம்மான் வரை போய், அங்கே ஏர் இந்தியா விமானம் ஏறினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அப்படித்தான் வீடு சேர்ந்தார்கள்.

விமானம் வளைகுடாவையும் அரபிக்கடலையும் தாண்டி, மேற்குக் கரையேறிச் சென்னையில் இறங்கும். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். நள்ளிரவில் கிளம்பினால் காலை ஏழரை.

ராமநாதபுரத்துக்காரருக்குப் பயணம் அங்கே முடியாது. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற வேண்டும். 500 சொச்சம் கிலோமீட்டருக்குப் பத்து மணி நேரம், விமானத்தில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு.

வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், "அவன் பயந்துவிடுவான்" என்று குவைத்தில் இருப்பவரிடம் மறைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். பர்மிட் கேட்கவும், டிக்கெட் தேடவும், பஸ் பிடிக்கவும் அவருக்கு அந்த நாட்கள் வேண்டும்.