துரும்பு எடையில் ஒரு சாம்பியன்

ஜப்பானுக்குப் போகிறவர்கள் டோக்கியோவைப் பார்ப்பார்கள். கியோட்டோவின் கோயில்களைப் பார்ப்பார்கள். நடுவில் நகோயா என்று ஒரு பெரிய நகரம் வந்து போவதை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கண்ணயர்ந்து விடுவார்கள். நாம் அங்கே இறங்குவோம், நேயர்களே! அதிவேக ரயிலை விட்டுவிட்டு, சூவோ லயன் ரயிலில் ஏறி வடகிழக்கே போனால் முக்கால் மணிகூட ஆகாது. சுற்றிலும் மலை சூழ, கிண்ணத்துக்குள் உட்கார்ந்தாற் போல ஓர் ஊர் வரும். டாஜிமி என்று பெயர்.

கிண்ணம் என்று சொன்னது பொருத்தம்தான். இந்த ஊரும் அக்கம்பக்கத்து ஊர்களும் பீங்கானுக்குப் பேர் போனவை. ஜப்பானியர் சாப்பிடும் தட்டு, கிண்ணம், கோப்பைகளில் ஏறத்தாழப் பாதி இந்த வட்டாரத்து மண்தான் என்கிறார்கள். பாசி படிந்தாற் போன்ற பச்சை மெருகு பூசிய 'ஒரிபே' பாத்திரங்களைப் பார்த்துவிட்டால் பெண்மணிகள் கடையை விட்டு நகர மாட்டார்கள். மொசைக் ஓடுகளுக்கென்றே 2016-ல் ஒரு மியூசியம் கட்டியிருக்கிறார்கள். மண் வெட்டியெடுத்த குன்று போலவே அதன் முகப்பு இருக்கிறது.

வெயிலோ, கேட்க வேண்டாம்! 2007 ஆகஸ்ட் 16-ந் தேதி இங்கே 40.9 டிகிரி. எழுபத்து நான்கு வருஷமாக இருந்த ஜப்பானிய ரிக்கார்டு அன்று முறிந்தது. நம் வேலூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஜப்பானில் அது பத்திரிகையின் முதல் பக்கத்துச் செய்தி.

அந்த வெயிலில் ஊருக்குள் வியர்க்க வியர்க்க ஓடியாடிக் கொண்டிருந்தவர்களில், அப்போது பன்னிரண்டு வயதான கோஸெய் தனாகாவும் இருந்திருப்பான். 1995 ஜூன் 15-ல் இந்த ஊரில் பிறந்தவன். முதலில் கராத்தே, பிறகு குத்துச் சண்டை. வாத்தியார் வேறு யாருமல்ல, தகப்பனார்தான். அண்ணன் ரியோமெயும் கூடவே கையுறை மாட்டிக் கொண்டான்.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே, 2013 நவம்பரில், கோஸெய் தொழில்முறைச் சண்டையில் இறங்கிவிட்டான். நகோயாவின் ஹதனாகா சண்டைக்கூடம் அவனைச் சேர்த்துக் கொண்டது. அதன் தலைவர் கியோஷி ஹதனாகா 1991-ல் உலக சாம்பியனானவர்.

பையன் இறங்கிய பிரிவு, ஆண்கள் குத்துச் சண்டையில் எல்லாவற்றிலும் லேசான பிரிவு. 'மினிமம்' என்பார்கள், 'ஸ்ட்ரா' என்றும் சொல்வதுண்டு. அதாவது வைக்கோல், நம் பேச்சில் துரும்பு என்று வைத்துக் கொள்ளுங்களேன். எல்லை 105 பவுண்டு, அதாவது 47.6 கிலோ. நீங்கள் கடையில் வாங்கும் 25 கிலோ அரிசிப் பை இரண்டைத் தராசில் வைத்தால், அந்தத் தட்டு கோஸெயைவிடத் தாழ்ந்துவிடும்!

பந்தயத்துக்கு முந்தின நாள் எடை பார்ப்பார்கள். அதற்காக இந்தப் பிரிவுப் பிள்ளைகள் படும் பாட்டைத் தாய்மார்கள் பார்த்தால் சகிக்க மாட்டார்கள். சோறு குறையும், கடைசி நாட்களில் தண்ணீரும் குறையும். கனத்த உடுப்பு மாட்டிக் கொண்டு கயிறு தாண்டி, உடம்பில் உள்ள நீரை வியர்வையாக வடித்துவிடுவார்கள். டாஜிமிக் குயவர்கள் சூளையில் வைக்குமுன் பச்சைப் பாத்திரத்தை நிதானமாக உலர்த்துகிறார்கள். அவசரப்பட்டால் விரிசல் விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் கோஸெயின் கதையில் நிதானம் என்பதே கிடையாது. 2015 மே 30. இடம், நகோயாவுக்கு வடக்கே, நொபுநாகா என்ற பிரபு குன்றின் மேல் கோட்டை கட்டிய கொமாகி நகரம். மெக்ஸிகோ வீரர் யெத்ராஸைப் பன்னிரண்டு சுற்றில் ஜயித்துப் பையன் உலகப் பட்டத்தைத் தட்டிக் கொண்டான். அது அவனுக்கு ஐந்தாவது பந்தயம்! இத்தனை சீக்கிரத்தில் எந்த ஜப்பானியரும் உலகப் பட்டம் வென்றதில்லை. இருபது வயது நிறைய இன்னும் பதினாறு நாள் பாக்கி. கல்லூரி மாணவன் வேறு. சரி, இனி 'அவன்' என்று எழுதக் கூடாது, சாம்பியனாயிற்றே!

அந்த வருஷக் கடைசி நாளில் நகோயாக் கோட்டை வளாகத்து விளையாட்டு மண்டபத்தில் பட்டத்தைக் காக்கும் பந்தயம். இது வேடிக்கையான இடம். 1965 முதல் ஜூலை தோறும் சுமோ மல்லர்கள், மலை மலையாக, மோதிக் கொண்ட மண்டபம் அது. அங்கேதான் இந்தத் துரும்புகள் இரண்டும் மோதின. பிலிப்பைன்ஸ் வீரர் சாலுதார் ஐந்தாவது சுற்றில் கோஸெயைக் கீழே வீழ்த்தினார். எழுந்தார் கோஸெய். ஆறாவது சுற்றில் வயிற்றில் விழுந்த அடியில் சாலுதார் மடிந்து உட்கார்ந்துவிட்டார்.

துரும்பு எடையோடு உறவு அத்துடன் சரி. வளரும் பிள்ளையின் உடம்பு அந்த எல்லைக்குள் எத்தனை நாள் அடங்கும்? அடுத்த பிரிவில் 2016-ல் பட்டம். அதற்கடுத்ததில் 2018-ல், பன்னிரண்டாவது பந்தயத்தில், மூன்றாவது பட்டம். நான்காவது 2024 பிப்ரவரியில். முதல் மகுடத்துக்கும் நான்காவதுக்கும் எடையில் வித்தியாசம் நாலரைக் கிலோதான். அதற்குள் என்னவெல்லாம் ஆயிற்று! 2017 செப்டம்பரில் தாய்லாந்து வீரர் ஒருவரை ஒன்பதாவது சுற்றில் ஜயித்தார். ஆனால் பரிசோதித்தபோது இரண்டு கண்களையும் சுற்றிய எலும்புகள் முறிந்திருந்தன. வெற்றி பெற்றவர் நிலை இது. 2020 கடைசி நாளில் கஸுதோ இயோகாவிடம் முதல் தோல்வி. அந்த இயோகாவும் முதல் உலகப் பட்டத்தைத் துரும்பு எடையில்தான் வென்றார். அவருடைய தகப்பனாரின் சகோதரர் ஹிரோகி இயோகா 1987-ல் அதே பிரிவில் பட்டம் பெற்றவர்.

அண்ணன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ரியோமெய் பணத்துக்கு ஆடவில்லை. தாம் படித்த பள்ளியிலேயே உபாத்தியாயராக இருந்துகொண்டு, 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். அந்த எடையில் ஜப்பானுக்கு அறுபத்தொரு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த பதக்கம். இரண்டு பிள்ளைகளையும் ஒரே தகப்பனார்தான் பழக்கினார். வேகமாகப் போனவரைவிட மெதுவாகப் போனவர் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

2024 அக்டோபரில் தென்னாப்பிரிக்க வீரர் காஃபுவிடம் கோஸெய் பட்டத்தை இழந்தார். அப்புறம் கண்கள் இடம் கொடுக்கவில்லை. 2025 ஜூனில், முப்பதைத் தொடும் தறுவாயில், ஓய்வு பெறுவதாக அறிவித்தார். இருபத்திரண்டு பந்தயம், இருபதில் வெற்றி. அடுத்த மாதம் சுமோ மல்லர்களும் கோட்டை மண்டபத்தைக் காலி செய்து, பக்கத்தில் எழும்பிய புது அரங்குக்குக் குடி போய்விட்டார்கள்.

டாஜிமியை விட்டுப் புறப்படுமுன் ஒரு பச்சைக் கிண்ணம் வாங்கிக் கொள்ளுங்கள். பெட்டியில் வைக்கும்போது இரண்டு புடவைக்கு நடுவில் வையுங்கள். கனமில்லாத சாமான், கை தவறினால் போச்சு.