காலிக் கோட்டையில் ஒரு நாள்



சுற்றுலா என்றால் அது வசதி படைத்தவர்களுக்கு உரியது என்ற எண்ணம் எம்மில் பலரிடம் உண்டு. இடம்பெயர்வு, முகாம், மீள்குடியேற்றம் என்று அலைந்தவர்களுக்குப் பயணம் என்ற சொல்லே களைப்பைத் தரும். ஆனால் நாமாக விரும்பிப் போய், விரும்பியபோது வீடு திரும்பும் பயணமும் இருக்கிறது. அப்படிப் போய்ப் பார்க்கக்கூடிய இடங்களுள் ஒன்று, எமது நாட்டின் தென்கரையில் உள்ள பழைய துறைமுக நகரமான காலி.

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து காலிக்குப் புகையிரதத்தில் போகலாம். பாதையின் பெரும்பகுதி கடலோரமாகவே செல்கிறது. காலி நிலையத்திலிருந்து கோட்டை நடந்து போகும் தூரத்தில்தான். கோட்டைக்குள் செல்வதற்கும் மதிலின்மேல் நடப்பதற்கும் கட்டணம் இல்லை. நூதனசாலைகளுக்கு மட்டும் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். அவை எல்லா நாட்களிலும் திறந்திருப்பதில்லை. ஆகவே முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

1588 இல் போர்த்துக்கேயர் இங்கு ஒரு சிறிய கோட்டையைக் கட்டினர். 1640 இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றி, பின்னர் பெரிய மதில்களையும் கொத்தளங்களையும் எழுப்பினர். 1796 இல் அது ஆங்கிலேயரின் கைக்கு மாறியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொழும்புத் துறைமுகம் விரிவாக்கப்பட்டதும் பெரிய கப்பல்கள் அங்கே போகத் தொடங்கின. காலித் துறைமுகத்தின் பரபரப்பு அடங்கியது. 1988 இல் காலிக் கோட்டை உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. இன்றும் இதற்குள் குடும்பங்கள் வாழ்கின்றன. பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள்.

முதலில் பழைய வாயிலைப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் ஆங்கிலேய அரசின் சின்னம் இருக்கிறது. உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும், ஒரு சேவலும், 1669 என்ற ஆண்டும் தெரியும். ஒரே வாயிலின் இரு பக்கங்களிலும் இரண்டு ஆட்சிகள் தம் அடையாளத்தைப் பதித்துவிட்டுப் போயிருக்கின்றன.

அந்த வாயிலை ஒட்டி ஒல்லாந்தரின் நீண்ட பண்டகசாலை இருக்கிறது. இப்போது அது கடல்சார் தொல்பொருள் நூதனசாலை. 1659 இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தக் கப்பலைப் பற்றி இங்கே அறியலாம். 2001 தொடக்கம் சுழியோடிகள் அக்கப்பலை ஆய்வு செய்து பல பொருட்களை வெளியே எடுத்தனர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமி, அவற்றைப் பாதுகாத்துவந்த ஆய்வுகூடத்தை அழித்து, பொருட்களில் பலவற்றையும் கொண்டுபோய்விட்டது. முந்நூறு வருடங்களுக்கு மேல் கடலடியில் கிடந்தவை ஒரு காலைப்பொழுதில் போயின. சேதமடைந்த நூதனசாலை திருத்தப்பட்டு 2010 இல் மீண்டும் திறக்கப்பட்டது.

அன்று கோட்டை மதில்கள் உள்ளே இருந்தவர்களைப் பெரும்பாலும் காத்தன. மதிலுக்கு வெளியே, பஸ் நிலையத்திலும் கடைத்தெருவிலும் நின்றவர்களைத்தான் கடல் அடித்துச் சென்றது. எம்முடன் வந்த முல்லைத்தீவுச் சகோதரி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப இஞ்சயும் எங்களை மாதிரித் தாய்மார் இருக்கினம்" என்றார். மொழி தெரியாத ஊரில் அவருக்கு உறவு கிடைத்தது இந்தத் துயரத்தின் வழியாகத்தான்.

அடுத்து, 1755 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம். அதன் தரையில் ஒல்லாந்தக் குடும்பத்தவரின் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றின்மேல் பெயர்களும் திகதிகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. எங்களில் ஒருவர் அங்கே நெடுநேரம் குனிந்து நின்றார். "இவ்வளவு காலத்துக்கு முதல் செத்தவைக்கும் பேரும் திகதியும் இருக்கு. என்ர பிள்ளைக்கு ஒரு திகதியும் இல்லை" என்றார். அவருடைய மகன் 2009 இல் காணாமல் போனவர். எவரும் பதில் சொல்லவில்லை.

தேவாலயம் இருக்கும் அதே வீதியில்தான் காலி தேசிய நூதனசாலையும் இருக்கிறது. ஆமை ஓட்டு நகைகள், மரச் செதுக்கு வேலைகள் ஆகியவற்றோடு பீரலு எனப்படும் தென்பகுதி றேந்தை வேலையும் இங்கு காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. உருண்டையான தலையணையில் மாதிரிக் கடதாசியை வைத்து, குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். போர்த்துக்கேயர் காலத்தில் வந்த கலை என்பார்கள். றேந்தை என்ற சொல்லும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்ததே. சிங்களத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான். பனையோலை வேலை செய்யும் எமது சகோதரிகள் உடனே கேட்ட கேள்வி: "ஒரு முழம் பின்ன எத்தினை மணித்தியாலம்? அதுக்கு என்ன குடுப்பினம்?" ஆளுநர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக றேந்தை பின்னிய பெண்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை.

1939 இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு, அதன் எதிரே உள்ள மீரான் பள்ளிவாசல், 1883 இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் ஆகியவற்றை மதில்வழியே நடந்தபடியே பார்த்துவிடலாம். மாலையில் வெயில் தணிந்த பின் நடப்பது சுகம்.

காலியில் கண்டெடுக்கப்பட்ட ஒரு பொருளைப் பார்க்கக் கொழும்புக்குத்தான் வர வேண்டும். 1911 இல் காலி நகரில் ஒரு மதகில் மூடுகல்லாகக் கிடந்த கல்வெட்டு அது. சீனத் தளபதி செங் ஹேயின் கடற்பயணத்தோடு தொடர்புடைய அக்கல்லில் 1409 ஆம் ஆண்டுக்குரிய வாசகங்கள் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் வெட்டப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தேனவரை நாயினாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றி, காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. ஒரே கல்லில் மூன்று வழிபாடுகள். அக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588 இல் அழித்தனர். கல் மட்டும் தப்பி, இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அறுநூறு வருடங்களுக்கு முன் இத்தென்கரையில் தமிழும் அறிவித்தலுக்குரிய மொழியாக இருந்தது என்பதற்கு அது சாட்சி. தெற்கிற்குப் போகும்போது அந்நியர் வீட்டுக்குப் போவதாக நாம் கூசத் தேவையில்லை.

வரலாறு என்பது எழுதி வைக்கப்பட்டதும், தற்செயலாகத் தப்பியதும்தான். தற்செயலை நம்பி நாம் இருக்க முடியாது. எமது படங்களும் பத்திரங்களும் பல தடவை போய்விட்டன. எஞ்சியிருப்பவற்றையாவது பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். ஒரு கொப்பியில் உங்கள் தாயின் பெயர், பாட்டியின் பெயர், விட்டு வந்த வீடு இருந்த இடம், இழந்தவர்களின் பெயர், தெரிந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுத்துத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். அதற்குக் கல் தேவையில்லை. நாற்பது பக்கக் கொப்பி போதும்.