அடிக் கணக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பதனிட்ட தோலுக்கு விலை சதுர அடியில்தான். அளவு மிஷினிலிருந்து வரும் தோலின் பின்பக்கம் 5¹, 4³, 6² என்று எழுதியிருக்கும். தலைமேல் இருக்கும் சின்ன எண் எத்தனை கால் என்று சொல்கிறது. அதாவது ஐந்தே கால், நாலே முக்கால், ஆறரை. கணக்கு எழுத வருபவருக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. எனக்கும் சொல்லித்தந்தார்கள்.

தெரிந்திருந்தும், மாதக் கடைசி அவசரத்தில் கால்குலேட்டரில் 5.1, 4.3, 6.2 என்று தட்டிக்கொண்டே போனேன். 16.5 அடி வரவேண்டிய இடத்தில் 15.6. மூன்று தோலுக்கே கிட்டத்தட்ட ஓரடி போய்விட்டது. அந்தத் தோல்களுக்கு ஜாப் ஒர்க்கில் ஃபினிஷிங் செய்துகொடுத்த பாய்க்கு அடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி.

அவர் நேரில் வந்தார். “ரேட்டுல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, அடிதான் குறையுது” என்றார். “கம்ப்யூட்டர் கணக்கு பாய், தப்பாகாது” என்று அனுப்பிவிட்டேன். பேக்கிங் லிஸ்டை எடுத்து ஒரு தடவை கூட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

கால்குலேட்டருக்குப் பதிலாக, நோட்பேட் மாதிரி எழுதிக்கொண்டே கணக்குப் போடும் மென்பொருள்கள் இருக்கின்றன. மேக்கில் சோல்வர், நூமி, விண்டோஸில் ஓப்பல்கால்க். இடப்பக்கம் நம் பாட்டுக்கு எழுதலாம், வலப்பக்கம் வரிக்கு வரி விடை வரும். மேலே ஒரு எண்ணை மாற்றினால் அதை நம்பியிருக்கும் விடையெல்லாம் மாறும். 10 சதுர மீட்டரைச் சதுர அடியாகக் கேட்டால் 107.64 என்று சொல்லிவிடும். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் இதில் ஒன்றைக் காட்டியபோது, எக்செல் போதும் என்று தட்டிக்கழித்தேன். உண்மையான காரணம் வேறு. கால்குலேட்டரில் கடைசித் தொகை மட்டும்தான் நிற்கும். அதற்கு எப்படி வந்தேன் என்று யாரும் கேட்க முடியாது. அந்த வசதியை விட எனக்கு மனமில்லை.

பிறகு வேறு வழியில்லாமல் அந்த மென்பொருளில் எழுத ஆரம்பித்தபோதுதான் தப்பு பிடிபட்டது. “இரண்டாம் தோல் 4.3” என்று திரையில் நின்றது, கையிலிருந்த தாளில் 4³. மென்பொருள் அதைத் தப்பென்று சொல்லவில்லை, 4.3-ம் அதற்கு ஒரு எண்தான். நான் தட்டியது அழியாமல் நின்றதால் என் கண்ணுக்கே தெரிந்தது, அவ்வளவுதான்.

அடுத்த பில்லிலிருந்து சரிசெய்தேன். பழையதைப் பற்றி மூச்சு விடவில்லை. “இப்ப கணக்கு சரியா வருது தம்பி” என்று பாய் எனக்கு நன்றி சொன்னார். அதையும் வாங்கிக்கொண்டேன். தப்பாகத் தட்டியதைவிட இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

இப்போது பழைய பேக்கிங் லிஸ்டுகளை எடுத்து, தோல் தோலாக அந்த மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் முதலாளியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, அந்தத் தாளோடு பாயிடம் போக வேண்டும். கடைசியில் வட்டிக்கும் ஒரு வரி போட்டிருக்கிறேன். அது என் சம்பளத்திலிருந்து.