அறுநூறு ஏக்கர் மேடு பள்ளம்

காலை ஐந்தரை மணி. எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி பஸ்கள் வரத் தொடங்கவில்லை. கண்ணாடிக் கட்டடங்களின் வாசலில் இரவுக் காவலாளிகள் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஹெல்மெட், முழங்கால் உறை சகிதம் தடித்த டயர் சைக்கிளுடன் தெருமுனையில் கூடும் கூட்டத்தைப் பார்த்து அவர்களுக்குச் சிரிப்பு. மோட்டார் பைக் வாங்கும் காசைச் சைக்கிளில் போடுகிறவனைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஏப்ரல் மாதம். பெங்களூர் குளுகுளு என்பதெல்லாம் பழைய கதை. 2016 ஏப்ரலில் இங்கே வெயில் 39.2 டிகிரியைத் தொட்டது. காட்டுக்குப் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். ஆனால் எந்தக் காட்டுக்கு?

1978இல் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் எலெக்ட்ரானிக் சிட்டியை அமைத்தபோது இந்தக் கேள்விக்கு அவசியம் இருந்திருக்காது. ஊரைத் தாண்டினாலே மண் பாதைதான். இன்று தலைக்கு மேலே 2010இல் திறந்த மேம்பாலம். 2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோ ரயில். சைக்கிள்காரனுக்குக் கிடைப்பது கீழே உள்ள தூசி.

பக்கத்தில் இருப்பது பன்னர்கட்டா. 1974இல் தேசியப் பூங்காவான இந்த வனம் சுமார் 260 சதுர கிலோமீட்டர். தெற்கே தமிழகத்தின் தளி, ஜவளகிரிக் காடுகளோடும் காவிரிக் கரை வனங்களோடும் தொடர்புடையது. வரைபடத்தில் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். எனக்கும் ஊறியது. ஒருமுறை காட்டின் ஓரக் கிராமம் ஒன்றில் டீக்கடைக்காரர், "சைக்கிள்ல சத்தமே வராது சாமி" என்று மட்டும் சொன்னார். யோசித்துப் பார்த்தால் விஷயம் அதுதான். ஜீப் வந்தால் யானைக்கு முன்கூட்டியே தெரியும். சைக்கிள் வளைவில் திரும்பும்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். கோடையில் குட்டைகள் வற்றி, தண்ணீர் தேடி அவை ஓரங்களுக்கு வருகிற காலம் வேறு. அனுமதியில்லாமல் உள்ளே நுழைவது சட்டப்படியும் குற்றம். அந்தக் காட்டுக்கு இருக்கிற நெருக்கடியே போதும். அதைச் சுற்றிய சூழல் பாதுகாப்பு மண்டலம் 2016 வரைவில் சுமார் 269 சதுர கிலோமீட்டர். 2020இல் இறுதி அறிவிக்கை வந்தபோது சுமார் 169. இதில் நாமும் போய் டயர் தடம் பதிக்க வேண்டுமா?

ஆகவே துரஹள்ளி. கொட்டிகெரே, அஞ்சனாபுரா வழியாக மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் மிதித்தால் கனகபுரா சாலைக்கு அப்பால் வரும் சிறு காடு, சுமார் 600 ஏக்கர். தைல மரங்கள், உண்ணிச்செடிப் புதர்கள், யானை படுத்தாற்போல் கருங்கல் பாறைகள். நிஜ யானை கிடையாது. மயில்கள் உண்டு. 2022 டிசம்பரில் சிறுத்தை நடமாடியதாகச் செய்தி வந்து காலை நடைக்காரர்கள் கொஞ்ச நாள் கையில் கம்போடு திரிந்தது தனிக் கதை.

இந்த விளையாட்டு பிறந்தது கலிபோர்னியாவில். 1970களில் பழைய கனத்த சைக்கிள்களில் மலைச்சரிவில் உருண்டு இறங்கிய இளைஞர்கள் தொடங்கியது. அவர்கள் ஊர் மலையின் பெயர் டமால்பாய்ஸ். தமிழ்க் காதுக்கு விழுந்த சத்தம் போலவே ஒலிக்கிறது! 1976இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒரு தடவை இறங்கினால் பின் பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்துபோகும்; மறுபடி அடைக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர். 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்கிலேயே இடம் கிடைத்துவிட்டது.

கோடையில் துரஹள்ளிப் பாதை கல்லாக இறுகியிருக்கும். அதன் மேல் கடுகு கொட்டியதுபோல் சரளை. ரேஸ் சைக்கிள் டயருக்கு நூறு பவுண்டு காற்று என்றால் இதற்கு முப்பது போதும், மண்ணைக் கவ்வ வேண்டுமே. இறக்கத்தில் சீட்டில் உட்காரக்கூடாது. பெடல் மேல் நின்று, இடுப்பைப் பின்னே தள்ளி, முன்சக்கரத்தைப் பார்க்காமல் பத்தடி தள்ளிப் பார்க்க வேண்டும். இவ்வளவும் தெரிந்திருந்தும் பதற்றத்தில் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்து ஹேண்டில் பாருக்கு மேலாகப் பறந்தேன். முழங்கையில் தோல் போனது. உடன் வந்தவர்கள் முதலில் சைக்கிளைத்தான் தூக்கிப் பார்த்தார்கள்.

விழுந்ததைவிட உறுத்தியது சக்கரம் இழுத்த கோடு. பின்பிரேக்கைப் பூட்டி வழுக்கினால் மேல்மண் பெயர்ந்துவிடும். கோடை மழை வந்தால் அதே கோடு ஓடையாகும். மழைக்கு மறுநாள் ஓட்டினாலோ ஈரச் செம்மண்ணில் விழும் பள்ளம் அப்படியே இறுகிக்கொள்ளும். அதனால் மழை பெய்த வாரம் வராமலிருப்பதே மரியாதை. புதுப் பாதை வெட்டக்கூடாது, நடப்பவர் வந்தால் நிறுத்தி வழிவிட வேண்டும். எல்லோரும் கேட்பதில்லை. நிமிடக் கணக்குப் பார்த்துப் பறப்பவர்களும், பாறையில் பீர் பாட்டில் உடைப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

2021 தொடக்கத்தில் இங்கே மரப் பூங்கா அமைக்கும் திட்டம் வந்தது. காட்டுக்குள் எதற்குப் பூங்கா என்று சுற்றுவட்டாரக் குடியிருப்புக்காரர்களும் சைக்கிள்காரர்களும் தெருவில் இறங்கினார்கள். காட்டைக் காடாக விடுங்கள் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தைச் சொன்ன வாய்க்கு, தன் டயர் தடத்தைப் பற்றியும் பதில் சொல்லும் கடமை உண்டு என்றே எனக்குப் படுகிறது.

மேட்டின் உச்சியில் பாறை மீது ஏறினால் நாலா பக்கமும் அடுக்குமாடிகள். நடுவில் இந்தப் பச்சைத் திட்டு. எட்டு மணிக்கே பாறை சுடத் தொடங்கிவிட்டது. இறங்கி வந்தால் பின்சக்கரத்தில் காற்றில்லை. முள்.

எலெக்ட்ரானிக் சிட்டி திரும்பும்போது மணி பத்தரை. காலையில் சிரித்த காவலாளி ஷிப்ட் முடிந்து போய்விட்டிருந்தார்.